ஆயில் ஊற்றினால் ஏறுகிறது, அப்போ ரிங்தானே?

22 செப்டம்பர் 2024, ஞாயிறு இரவு

இந்த இழையைக் கேள்வியாகப் போடலாமா, முடிவாகவே போடலாமா என்று யோசித்தேன். முடிவாகவே போடுகிறேன். மறுக்க முடிந்தவர்கள் மறுக்கலாம்.

வண்டி மனைவியுடையது. 109 சிசி, நாலு ஸ்ட்ரோக், கார்புரேட்டர். 2014-இல் வாங்கியது, 61,000 கி.மீ. ஓடியிருக்கிறது. மூன்று மாதமாக கிக்கரை மிதித்தால் கால் சும்மா இறங்குகிறது, எதிர்ப்பே இல்லை. செல்ஃபில் நாலைந்து தடவை அரைத்த பிறகுதான் பிடிக்கும். வடசென்னையில் மிண்ட் சிக்னலில் நின்றால் அணைந்துவிடும். இரண்டு பேர் உட்கார்ந்து மூலக்கடை மேம்பாலம் ஏறினால் 30-க்கு மேல் போகாது, பின்னால் தண்ணீர் லாரிக்காரன் ஹாரனிலேயே திட்டுவான்.

பிளக் மாற்றியாகிவிட்டது. ஏர் ஃபில்டர் புதுசு. கார்புரேட்டர் இரண்டு முறை கழுவியாகிவிட்டது. நேற்று 450 ரூபாய்க்கு ஒரு கம்ப்ரஷன் கேஜ் வாங்கினேன், சிலிண்டருக்குள் காற்று எவ்வளவு அமுங்குகிறது என்று பிஎஸ்ஐ அளவில் காட்டும் மீட்டர். இந்த மாதிரி வண்டிகளில் பிளக் மரை 10 மி.மீ., அதற்கான மூக்கு கேஜுடனேயே வந்தது. வண்டியைச் சூடாக்கி, பிளக்கைக் கழற்றி, கேஜை முறுக்கிப் பத்துத் தடவை மிதித்தேன். 58 பிஎஸ்ஐ. பிளக் ஓட்டையில் ஒரு டீஸ்பூன் என்ஜின் ஆயில் ஊற்றி மறுபடி மிதித்தேன். 90-ஐத் தாண்டியது.

ஆயில் ஊற்றி அழுத்தம் ஏறினால் கசிவது ரிங் (பிஸ்டனைச் சுற்றி அடைக்கும் வளையம்), ஏறாவிட்டால் வால்வு. எல்லாரும் சொல்கிற பாடம் இதுதான். ஆக ரிங் போய்விட்டது. சிலிண்டரைக் கழற்றி லேத்தில் கொடுத்து 0.25 மி.மீ. ஓவர்சைஸ் போர் போட்டு (சிலிண்டர் துளையை அகலமாக்கி), புது பிஸ்டன், புது ரிங். அடுத்த ஞாயிறு வேலை ஆரம்பம்.

23 செப்டம்பர், திங்கள்

ஒருவர் கேட்டிருக்கிறார்: ஆக்ஸிலேட்டரை முழுக்கத் திருகி வைத்துக்கொண்டுதானே மிதித்தீர்கள்?

இல்லை.

கார்புரேட்டர் ஸ்லைடு மூடியிருந்தால் சிலிண்டருக்குள் காற்றே போகாது, போகாத காற்றை பிஸ்டன் எங்கிருந்து அமுக்கும். இது எனக்குத் தெரியும். தெரிந்தும் செய்யவில்லை, ஏனென்றால் ஒரு கையில் கேஜ், மறு கையில் டார்ச். இன்று கைப்பிடியை முழுக்கத் திருகி ரப்பர் பேண்ட் சுற்றிவிட்டு மிதித்தேன். 72. ஆயிலோடு 110.

எண்கள் மாறின, முடிவு மாறவில்லை. ரிங்தான்.

இன்னொன்று, கேட்காமலே சொல்கிறேன். கழற்றிய பிளக் கேப்பைச் சும்மா தொங்கவிட்டு மிதிக்காதீர்கள். அதில் ஒரு பழைய பிளக்கைச் சொருகி, அதன் உடம்பு என்ஜினைத் தொடுகிற மாதிரி ஓட்டையிலிருந்து தள்ளி வையுங்கள். இல்லாவிட்டால் பிளக்குக்குப் பொறி கொடுக்கும் சிடிஐ பெட்டிக்குக் கேடு. பெட்ரோல் ஆவி வரும் ஓட்டைக்குப் பக்கத்தில் பொறி பறப்பதும் நல்லதல்ல.

24 செப்டம்பர்

தெருமுனை மெக்கானிக் அண்ணனிடம் கேஜைக் காட்டினேன். "இன்னா தம்பி, டாக்டர் கணக்கா கேஜ் வெச்சிக்கினு சுத்துற?" என்றார். அப்புறம் பிளக் ஓட்டையில் கட்டைவிரலை வைத்து அழுத்தி, என்னை மிதிக்கச் சொன்னார். விரலைத் தள்ளியது, ஆனால் தூக்கி எறியவில்லை. "கம்மிதான். ஆனா ஹெட்டக் கய்ட்டாத. மொதல்ல டேப்பெட்ட பாரு."

ஹெட் என்றால் சிலிண்டருக்கு மேலே வால்வுகள் இருக்கும் மூடி. டேப்பெட் என்றால் வால்வுத் தண்டுக்கும் அதை அமுக்கும் ராக்கருக்கும் நடுவே விடும் துளி இடைவெளி. டேப்பெட்டில் என்ன இருக்கிறது? சத்தமே இல்லாத டேப்பெட். எங்கள் தெருவிலேயே இவ்வளவு அமைதியாக ஓடும் பழைய வண்டி கிடையாது. அவருக்கு வயதாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டு வந்தேன்.

27 செப்டம்பர், வெள்ளி, நள்ளிரவு தாண்டி

தூக்கம் வரவில்லை. ஒரு கணக்கு உறுத்துகிறது.

கொருக்குப்பேட்டை பக்கம் ஒரு லேத் பட்டறைக்குப் போயிருந்தேன், போர் போட என்ன ஆகும் என்று கேட்க. அவர் முதலில் கேட்டது, "வண்டி ஆயில் குடிக்குதா?" இல்லை. கடைசியாக ஆயில் மாற்றும்போது 800 மில்லி ஊற்றியதில் 750-க்குக் குறையாமல் வந்தது. "நீலப் புகை?" இல்லை. "அப்போ ரிங்குன்னு எப்படிச் சொல்ற?" ஆயில் டெஸ்ட்டில் ஏறியதைச் சொன்னேன். "எவ்ளோ ஊத்துன?" ஒரு டீஸ்பூன். அவர் சிரித்தார். காரணம் சொல்லவில்லை. அவருடைய கேஜை எடுத்துக் கையில் கொடுத்து, "இதுல ஒருக்கா பாரு, அப்புறம் சிலிண்டரத் தூக்கினு வா" என்றார். வருகிற வேலையை வேண்டாம் என்று அனுப்பிய பட்டறைக்காரரை நான் இப்போதுதான் பார்க்கிறேன்.

ஏன் சிரித்தார் என்று இப்போதுதான் புரிகிறது. டீஸ்பூன் என்பது 5 மில்லி. வண்டி 109 சிசி, புத்தகத்தில் கம்ப்ரஷன் விகிதம் 9-க்கு 1 என்று போட்டிருக்கிறது. அப்படியென்றால் பிஸ்டன் உச்சிக்கு வந்தபிறகு மேலே மிச்சமிருக்கும் இடம் 109 வகுத்தல் 9, ஏறக்குறைய 12 மில்லிதான். அந்த 12 மில்லி இடத்தில் 5 மில்லி ஆயிலை நான் ஊற்றியிருக்கிறேன். ஆயில் அமுங்காது. காற்றுக்கு மிச்சம் 7 மில்லி. அழுத்தம் ஏறாமல் என்ன செய்யும்? ரிங் நன்றாக இருந்தாலும் ஏறும், ரிங்கே இல்லாவிட்டாலும் கொஞ்சம் ஏறும்.

டீஸ்பூன் கணக்கு கார்க்காரர்களுடையது. கார் சிலிண்டர் ஒன்றே 300, 400 சிசி இருக்கும், மேலே மிச்ச இடம் 40 மில்லிக்குப் பக்கத்தில். அங்கே 5 மில்லி பெரிய விஷயமில்லை. அதை அப்படியே ஸ்கூட்டருக்குத் தூக்கிவந்தது யாரோ தெரியாது, நம்பியது நான்.

28 செப்டம்பர்

வகுத்தல் தப்பு என்று மூன்று பேர் எழுதியிருக்கிறீர்கள். ஒப்புக்கொள்கிறேன். 9-க்கு 1 என்பதில் அந்த 9, பிஸ்டன் ஓடும் இடமும் மிச்ச இடமும் சேர்ந்தது. ஆகவே 109-ஐ 8-ஆல் வகுக்க வேண்டும், 13.6 மில்லி. பத்தாம் வகுப்பில் எனக்குக் கணக்கு எடுத்தவர் இதைப் படிக்கமாட்டார் என்ற நம்பிக்கையில் இருக்கிறேன். சாரம் மாறவில்லை: 13.6-இல் 5 போனால் 8.6. விகிதம் 9-இலிருந்து 13-ஐத் தாண்டிவிடுகிறது.

29 செப்டம்பர், ஞாயிறு

இன்றைக்குச் சிலிண்டரைக் கழற்றுவதாக இருந்தேன். கழற்றவில்லை. அளந்தேன், அவ்வளவுதான். கொஞ்சம் நீளமாக எழுதப்போகிறேன்.

அப்பாவின் மருந்துப் பெட்டியில் ஊசி போடாத சிரிஞ்ச் ஒன்று இருந்தது. அதில் சரியாக 1 மில்லி ஆயில். முந்தைய டெஸ்ட்களில் ஊற்றியது எல்லாம் எரிந்து முடிந்திருக்க வேண்டும் என்பதற்காகக் காலையில் கொடுங்கையூர் வரை போய்வந்தேன், வழியெல்லாம் கொசு மருந்து வண்டி மாதிரி புகை. சரி. என் கேஜில் ஆயில் இல்லாமல் 72. ஒரு மில்லி விட்டு, நாலு மிதி மெதுவாக மிதித்து ஆயிலைச் சுற்றிப் பரவவிட்டு, அப்புறம் அளந்தால் 76. அந்த ஒரு மில்லி இடத்தை அடைத்ததற்கே இவ்வளவு ஏறும். அதாவது ரிங் தன் பங்குக்கு எதையும் விடவில்லை.

அடுத்தது. மாடி வீட்டுப் பையனிடம் இதே மாடல், 9,000 கி.மீ. மட்டும் ஓடியது. நம்ம வண்டிக்கு 72 என்றால் நல்ல வண்டிக்கு எவ்வளவு என்று பார்க்காமல் இத்தனை நாள் பேசிக்கொண்டிருந்தேன். கெஞ்சிக் கேட்டு வாங்கி என் கேஜைப் போட்டேன். 110. புது வண்டிக்கு 110-ஆ? லேத்காரர் கேஜைப் போட்டேன். 165!

ஒரே வண்டி, ஒரே கால், ஐந்து நிமிட இடைவெளி. இரண்டு கேஜையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. என்னுடையதில் ஒரு முழ ரப்பர் குழாய், அதன் மறுமுனையில் கேஜை ஒட்டித்தான் பின் வால்வு இருக்கிறது. அவருடையதில் மூக்கு நுனியிலேயே பின். சைக்கிள் டியூப் வால்வில் இருக்குமே, அதே பின். பின் நுனியில் இருந்தால் உள்ளே போன அழுத்தம் அங்கேயே பூட்டிக்கொள்ளும். அந்தப் பக்கம் குழாய் எவ்வளவு நீளமானாலும் மிதிக்க மிதிக்க நிரம்பிவிடும். பின் கடைசியில் இருந்தால் அந்தக் குழாய் முழுவதும் என்ஜினின் மிச்ச இடத்தோடு சேர்ந்துவிடுகிறது. 5 மி.மீ. துளை, 30 செ.மீ. நீளம், கிட்டத்தட்ட 6 மில்லி. 13.6 மில்லிக்காரனிடம் 6 மில்லியைக் கொண்டுபோய் ஒட்டவைத்திருக்கிறேன். விகிதம் 9-லிருந்து 6.6-க்கு இறங்கிவிட்டது.

ஆக ஒரு தப்பு அழுத்தத்தைக் குறைத்துக் காட்டியது, இன்னொரு தப்பு கூட்டிக் காட்டியது, இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்து நான் ரிங் என்று தீர்ப்பு எழுதிவிட்டேன்.

லேத்காரர் கேஜில் நம்ம வண்டி: 112. இது உண்மையிலேயே கம்மிதான், மாடிக்காரன் 165-க்கு முன்னால். நோய் இருக்கிறது. பெயர்தான் மாறப்போகிறது.

உங்கள் வண்டிக்குச் சரியான எண் என்ன என்று கேட்டால், அந்த மாடலின் சர்வீஸ் புத்தகம்தான் பதில். ஸ்கூட்டர்களில் பொதுவாகச் சதுர செ.மீ.க்கு 10-லிருந்து 13 கிலோவுக்குள் இருக்கும், பிஎஸ்ஐ-இல் 140-லிருந்து 185. ஒரு கிலோ என்பது 14.2 பிஎஸ்ஐ. கேம் ஷாஃப்டில் டிகம்ப்ரசர் (மிதிக்க எளிதாக அழுத்தத்தைக் கொஞ்சம் வெளியே விடும் அமைப்பு) வைத்த மாடல்களில் கிக்கில் குறைவாகத்தான் காட்டும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

1 அக்டோபர்

வந்த கேள்விகளுக்குச் சுருக்கமாக.

பிஎஸ் 6 வண்டி, அதாவது 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த இன்ஜெக்ஷன் வண்டி: மிதிக்கும் ஒவ்வொரு தடவையும் இன்ஜெக்டர் பெட்ரோலைத் தெளிக்கும். பெட்ரோல் பம்ப் ஃபியூஸையோ இன்ஜெக்டர் சாக்கெட்டையோ முதலில் பிடுங்குங்கள்.

டூ ஸ்ட்ரோக் வைத்திருக்கும் அண்ணாச்சிக்கு: உங்களுக்கு வால்வு, டேப்பெட் எதுவும் கிடையாது, பாதித் தலைவலி மிச்சம். ரிங், போர், ஹெட் பேக்கிங். ஆனால் கேஜில் நன்றாக இருந்தும் வண்டி இழுக்காவிட்டால் கிராங்க் சீல்களைச் சந்தேகப்படுங்கள். கீழே இருக்கும் கிராங்க் கேஸும் காற்றை அமுக்கித்தான் மேலே அனுப்புகிறது.

கிக்கர் லூசாக இறங்குவதே கம்ப்ரஷன் போனதற்கு அத்தாட்சி இல்லை. கிக்கர் பல் தேய்ந்து நழுவினாலும் அப்படித்தான் இருக்கும். மிதிக்கும்போது ஃபேன் சுற்றுகிறதா என்று பாருங்கள். அதேபோல பிக்கப் இல்லை என்றதும் என்ஜினைத் திறக்காதீர்கள். பெல்ட் தேய்ந்தாலும், ரோலர் சப்பையானாலும், பின் பிரேக் பிடித்துக்கொண்டே இருந்தாலும் மேம்பாலம் ஏறாது.

டிகம்ப்ரசர் என்றதும் பெரியப்பா நினைவு. திருவொற்றியூர் என்ஃபீல்டு தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். சின்ன வயதில் அவருடைய புல்லட்டை நான் ஸ்டார்ட் பண்ண முயன்றபோது கிக்கர் திருப்பி அடித்துக் கணுக்கால் வீங்கியது. அவர் வந்து, ஆம்ப் மீட்டர் முள் நடுவுக்கு வரும்வரை மெதுவாக மிதித்து, அந்தக் குட்டி லீவரைப் பிடித்து பிஸ்டனை உச்சியைத் தாண்டவிட்டு, ஒரே மிதி. "கம்ப்ரஷன்கிட்ட சண்டை போடாத, அதுக்கு வழி விட்டுட்டு மிதி" என்பார். வண்டிக்கும் சம்பந்தமில்லை, இந்த இழைக்கும் சம்பந்தமில்லை. எழுத வந்தது, எழுதிவிட்டேன்.

5 அக்டோபர், சனி

காற்று டெஸ்ட் செய்தேன்.

பழைய பிளக்கின் பீங்கானை உடைத்து எடுத்து, வெறும் மரைப் பகுதியில் டியூப் வால்வு ஒன்றைப் பற்றவைத்துக்கொண்டேன் (நான் இல்லை, லேத்காரர்). அதைப் பிளக் ஓட்டையில் முறுக்கி, பிஸ்டனைக் கம்ப்ரஷன் உச்சியில் நிறுத்தி, காற்று அடித்தால், காற்று எந்த வழியாக வெளியே வருகிறதோ அங்கேதான் ஓட்டை. கார்புரேட்டர் வாயில் உஸ் என்றால் இன்லெட் வால்வு. சைலன்சரில் என்றால் எக்ஸாஸ்ட் வால்வு. ஆயில் குச்சி ஓட்டையில் என்றால் ரிங். ஹெட்டும் சிலிண்டரும் சேரும் இடத்தில் சோப்புத் தண்ணீர் நுரைத்தால் பேக்கிங்.

கேட்பதற்கு எளிது. கியர் வண்டியாக இருந்தால் கியரில் போட்டு பின் பிரேக்கைப் பிடித்துக்கொள்ளலாம். ஸ்கூட்டரில் அது முடியாது, சென்ட்ரிஃப்யூகல் கிளட்ச், என்ஜின் வேகமெடுத்தால்தான் சக்கரத்தோடு சேரும். ஆகவே கிராங்க் முனையில் சுற்றும் மேக்னட்டின் நட்டில் ஸ்பேனர் போட்டுக் கையால் பிடித்தேன். பஞ்சர் கடைப் பையன் கம்ப்ரசரைத் திறந்தான். 50 மி.மீ. பிஸ்டன், பரப்பு 19.6 சதுர செ.மீ., மூன்று கிலோ அழுத்தம் என்றாலே 59 கிலோ எடை பிஸ்டன் தலையில் உட்கார்ந்த மாதிரி. இம்மி பிசகியிருந்தது போல. ஸ்பேனர் சுழன்று என் முட்டியில் ஒரு போடு போட்டுவிட்டு நின்றது. இந்தக் கணக்கை முதலிலேயே போட்டிருந்தால் முட்டி தப்பித்திருக்கும். இரண்டாவது தடவை ஒரு கிலோவுக்கும் கீழே, கால் பம்பால்தான் அடித்தேன். அது போதும்.

ஆயில் குச்சி ஓட்டையில் லேசான மூச்சு மட்டும், அது எல்லா என்ஜினிலும் இருக்கும். கார்புரேட்டரில் ஒன்றுமில்லை. சைலன்சரில் காதை வைத்தேன். குக்கர் விசில் வருவதற்கு முன்னால் ஒரு சீற்றம் வருமே, அது. காது முழுக்கக் கரி.

எக்ஸாஸ்ட் வால்வு.

6 அக்டோபர், ஞாயிறு, காலை 6.30

டேப்பெட் இடைவெளியை என்ஜின் குளிர்ந்திருக்கும்போது பார்க்க வேண்டும், 35 டிகிரிக்குக் கீழே. கம்ப்ரஷன் சூட்டில், டேப்பெட் குளிரில், மாற்றிச் செய்யாதீர்கள். சென்னையில் 35-க்குக் கீழே என்றால் விடியற்காலை ஒன்றுதான் வழி. ஐந்தரைக்கே எழுந்து மூடியைக் கழற்றினேன்.

மேக்னட்டில் டி குறி, கம்ப்ரஷன் உச்சி. இந்த நிலையில் இரண்டு ராக்கர் ஆர்மும் விரலால் ஆட்டினால் துளி ஆட வேண்டும். இன்லெட் ஆடியது. எக்ஸாஸ்ட் ஆடவில்லை. இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜில் 0.05 மி.மீ. தகடுகூட நுழையவில்லை. 0.10-ஐ ஒட்டி இருக்க வேண்டிய இடத்தில் பூஜ்யம். ராக்கர் வால்வை எப்போதும் லேசாக மிதித்துக்கொண்டே இருக்கிறது. வால்வு முழுசாக மூடவே இல்லை. என்ஜின் சூடானால் எக்ஸாஸ்ட் வால்வுத் தண்டு இன்னும் நீளும், இன்னும் திறக்கும். மிண்ட் சிக்னலில் அணைவதன் ரகசியம் அதுதான்.

இப்படி யார் முறுக்கிவைத்தது, எந்த ஊர் மெக்கானிக் இவன் என்று சத்தமாகவே திட்டிக்கொண்டிருந்தேன். காபி கொண்டுவந்த மனைவி சொன்னாள்: "ஏங்க, போன தீபாவளிக்கு முன்னாடி டக்டக்குன்னு சத்தம் வருதுன்னு நீங்கதானே இந்த மூடியைக் கழட்டினீங்க? சத்தம் நின்னதும் எனக்கே போன் பண்ணிச் சொன்னீங்க, பட்டு மாதிரி ஓடுதுன்னு."

ஆமாம்.

ஃபீலர் கேஜ் இல்லாமல், சத்தம் நிற்கும்வரை முறுக்கினேன். அப்போதே கொஞ்சம் இறுக்கமாக வைத்திருப்பேன். அதற்குமேல் வால்வு தன் சீட்டில் அடித்து அடித்துக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இறங்கும், இறங்க இறங்கத் தண்டு மேலே வரும், இடைவெளி இன்னும் சுருங்கும். தேய்மானத்தால் மற்ற இடங்களில் இடைவெளி கூடும், சத்தம் வரும். இங்கே தேயத் தேய வண்டி அமைதியாகும். தெருவிலேயே அமைதியான வண்டி என்று பத்து நாளுக்கு முன்னால் எழுதினேனே, மேலே போய்ப் படித்துச் சிரித்துக்கொள்ளுங்கள்.

மெக்கானிக் அண்ணனுக்கு வயதாகிவிட்டது என்று எழுதியதையும் வாபஸ் வாங்குகிறேன்.

6 அக்டோபர், அதே நாள் மாலை

0.10 வைத்துப் பூட்டியாகிவிட்டது. 112 இப்போது 135. கிக்கரில் எதிர்ப்பு வந்துவிட்டது. ஆனால் 165 வரவில்லை. பல மாதம் சரியாக மூடாமல் ஓடிய வால்வு, அதன் ஓரம் வழியாக நெருப்பு போய்க்கொண்டே இருந்திருக்கிறது. முகம் பொத்தலாகியிருக்கும். ஹெட்டை இறக்கித்தான் ஆக வேண்டும். "ஹெட்டக் கய்ட்டாத" என்ற அண்ணனிடம் அனுமதி கேட்டேன். "இப்ப கய்ட்டு" என்றார்.

11 அக்டோபர், ஆயுத பூஜை

ஹெட் நேற்றே இறங்கிவிட்டது. போரைப் பார்த்தேன். சிலிண்டர் சுவரில் தயாரிக்கும்போதே போடும் ஹோனிங் கோடுகள் இன்னும் தெரிகின்றன, நகத்துக்கு எந்தக் கீறலும் தட்டுப்படவில்லை. எண்ணூர் விரைவுச் சாலையில் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே நான் இதில் வேலைக்குப் போய்வந்த இரண்டு வருடத்தில் மண்தூசி ரிங்கைத் தின்றிருக்கும் என்று நினைத்தேன், ஃபில்டர் காப்பாற்றியிருக்கிறது. இதை 0.25 போர் போட்டிருந்தால் நல்ல சிலிண்டரை வெட்டிய பாவம்.

எக்ஸாஸ்ட் வால்வு முகத்தில் ஒரு பக்கம் கரும்புள்ளிகள். ஸ்பிரிங்கை அமுக்க ஜி கிளாம்பும், ஜன்னல் வெட்டிய பைப் துண்டும். வால்வுத் தண்டை ஸ்பிரிங்கோடு பிடித்துவைக்கும் இரண்டு காட்டர் லாக்கில் முதலாவது ஒழுங்காக வந்தது. இரண்டாவது சாக்கடைக்குள் போனது. நெல்மணி அளவு. சல்லடை போட்டுத் தேடினோம், கிடைத்தது ஒரு பழைய நாலணா. உதிரிபாகக் கடைகள் இருக்கும் ஜி.பி. ரோட்டுக்குப் போய் லாக், வால்வு சீல், ஹெட் பேக்கிங் வாங்கினேன்.

கிரைண்டிங் பேஸ்ட், ரப்பர் கப் வைத்த குச்சி, கடைந்தேன். தயிர் கடைகிற அதே கை அசைவு, அவ்வப்போது தூக்கிக் கால் வட்டம் திருப்பி வைக்க வேண்டும். முதலில் கரகரவென்றும் போகப் போக வழவழவென்றும் சத்தம் மாறும். சுற்றிலும் ஒரே அகலத்தில் சாம்பல் வளையம் வந்ததும் நிறுத்தினேன். பேஸ்ட்டைத் துளி மிச்சமில்லாமல் கழுவி, வால்வைப் பூட்டி, போர்ட்டில் பெட்ரோல் ஊற்றிப் பதினைந்து நிமிடம் விட்டேன். கசியவில்லை.

பூஜை நேரத்தில் என்ஜின் இன்னும் பாதி திறந்து கிடந்தது. மனைவி சிலிண்டர் ஃபின்னிலேயே குங்குமம் வைத்து, சக்கரத்துக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்து, "நகராத வண்டிக்கு எதுக்குப் பழம்" என்றாள். ராத்திரியே பூட்டி முடித்தேன்.

90.

தொண்ணூறு! ஹெட்டை இறக்குவதற்கு முன்னால் இருந்ததைவிட மோசம். இதற்குமேல் எழுதத் தெம்பில்லை.

12 அக்டோபர்

நேற்று ராத்திரி எழுதியதை மறந்துவிடுங்கள். கேம் ஸ்ப்ராக்கெட் குறி ஹெட் மட்டத்துக்கு நேராக இல்லை. டைமிங் செயின் ஒரு பல் தள்ளிப் போட்டிருக்கிறேன், பொரி தின்றுகொண்டே பூட்டியதன் பலன். கேம் ஒரு பல் பின்தங்கினால் இன்லெட் வால்வு தாமதமாக மூடும். உள்ளே வந்த காற்றில் ஒரு பங்கு வந்த வழியே திரும்பிப் போய்விடும். சரிசெய்து, டேப்பெட் மறுபடி பார்த்து, அளந்தேன்: 158.

யாரும் கழற்றாமல் செயின் தானாகவே பல் தாண்டியிருந்தாலும் கேஜ் இப்படித்தான் காட்டும். ரிங், வால்வு, பேக்கிங் என்ற மூன்றோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மனைவி மாலை இரண்டு பேராக மூலக்கடை மேம்பாலம் ஏறினாள். 45. பின்னால் உட்கார்ந்திருந்தது நான், மீட்டரை எட்டிப் பார்த்ததற்குத் திட்டு வாங்கினேன்.

17 அக்டோபர்

செவ்வாய்க்கிழமை மழையில் புளியந்தோப்பில் வண்டி மூழ்கியவர் கேட்டிருக்கிறார்: வடிந்ததும் ஸ்டார்ட் பண்ணலாமா?

வேண்டாம். செல்ஃபைத் தொடாதீர்கள். தண்ணீரும் ஆயில் மாதிரிதான், அமுங்காது. மிச்ச இடம் 13 மில்லிதானே, அதைவிடக் கூடுதலாக ஒரு வாய் தண்ணீர் உள்ளே இருந்து என்ஜின் சுற்றினால் கனெக்டிங் ராடு வளையும். வளைந்தால் ராடு நீளம் குறையும், பிஸ்டன் உச்சிக்குப் போகாது, கம்ப்ரஷன் நிரந்தரமாகக் குறைந்துவிடும். டேப்பெட் சரியாக இருக்கும், வால்வு கசியாது, ரிங் நன்றாக இருக்கும், ஆனாலும் கேஜ் ஏறாது. மெக்கானிக் அண்ணன் 2015 வெள்ளத்துக்குப் பிறகு அப்படி இரண்டு வண்டியைத் திறந்து பார்த்ததாகச் சொன்னார்.

பிளக்கைக் கழற்றிவிட்டு கிக்கரைக் கையால் மெதுவாக அமுக்குங்கள், தண்ணீர் பீய்ச்சும். ஏர் ஃபில்டர் பெட்டியைக் காயவையுங்கள். ஆயில் பால் விட்ட டீ மாதிரி இருந்தால் இறக்கிவிட்டு மலிவான புது ஆயில் ஊற்றிப் பத்து நிமிடம் ஓட்டி, அதையும் இறக்குங்கள். கியர் ஆயில் தனி, அதையும் பாருங்கள். பெல்ட் பெட்டிக்குள் தண்ணீர் நின்றிருக்கும், மூடியைத் திறந்து துடையுங்கள்.

24 நவம்பர், ஞாயிறு

1,100 கி.மீ. ஆகிவிட்டது. விடியற்காலையில் டேப்பெட் பார்த்தேன், எக்ஸாஸ்ட் 0.09. கடைந்த சீட் கொஞ்சம் அமரும், எதிர்பார்த்ததுதான். 0.10-க்குக் கொண்டுவந்தேன். கம்ப்ரஷன் 160. குளிரில் எடுத்தவுடன் டிக்டிக் என்று மெல்லிய சத்தம் வருகிறது. மாடி வீட்டுப் பையன் கேட்டுவிட்டு, "அண்ணா, உங்க வண்டி சத்தம் போடுது, டைட் பண்ணிடலாமா?" என்றான். ஃபீலர் கேஜை எடுத்து உள்ளே ஒளித்துவைத்தேன்.

என்னுடைய 450 ரூபாய்க் கேஜை வெட்டிக் குழாயைத் தூக்கிப் போட்டு, மூக்கு நுனியில் டியூப் பின் வைத்து லேத்தில் மாற்றிவாங்கினேன். இப்போது அவருடையதற்கும் இதற்கும் 3 பிஎஸ்ஐ-தான் வித்தியாசம். மெக்கானிக் அண்ணன் ஒரு நாள் பார்த்துவிட்டுத் தருகிறேன் என்று வாங்கிப்போனார், மூன்று வாரமாகிறது. லேத்காரர் தன் கேஜைக் கேட்டு இன்று ஆள் அனுப்பியிருந்தார். நாளை கொண்டுபோய்க் கொடுத்துவிடுவேன். அதற்குள் யாருக்காவது அளக்க வேண்டுமானால் இன்று சாயங்காலத்துக்குள் வியாசர்பாடி பக்கம் வந்துவிடுங்கள், வண்டியைச் சூடாக்கிக்கொண்டு.